பெயரில் மட்டும் மட்டாஞ்சேரி

கப்பலுக்காகப் போட்ட தண்டவாளம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது? கொச்சித் துறைமுக ரயில் பாதையின் கதை

எர்ணாகுளம் ஜங்ஷனிலிருந்து பிரிந்து, காயலைக் கடந்து, வில்லிங்டன் தீவின் மறுகோடிவரை செல்லும் ரயில் பாதையின் நீளம் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. வழியில் பெருமானூர், அதன் பிறகு மட்டாஞ்சேரி ஹால்ட், கடைசியில் கொச்சித் துறைமுக முனையம். நடுவில் இருக்கும் ஹால்ட்டின் பெயரை நம்பி அந்தக் காலத்தில் இறங்கிய வெளியூர்க்காரர் திகைத்துத்தான் போயிருப்பார். சுற்றிலும் டச்சு அரண்மனை இல்லை. யூதர் தெரு இல்லை. மிளகும் சுக்கும் மணக்கும் மண்டிகள் இல்லை. அவையெல்லாம் எதிர்க்கரையில். நிலையம் நிற்பது வில்லிங்டன் தீவில். மட்டாஞ்சேரிக்குப் போக அங்கிருந்து இன்னொரு பாலம் தாண்டியாகவேண்டும்.

நூற்றாண்டுகளாகக் கடல் வாணிகம் செய்த ஊர் மட்டாஞ்சேரி. 1568-இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. குஜராத்தி வணிகர்கள், கொங்கணிகள், கட்சி மேமன்கள், தமிழ் பிராமணர்கள் எனப் பல மொழிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடியிருக்கிறார்கள். அடுத்த ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு தோபிகானாவே உண்டு. இத்தனை பேர் வந்து சேர்ந்த ஊருக்கு ரயில் மட்டும் வந்து சேரவில்லை. பக்கத்துத் தீவுவரை வந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது.

அது ஏன் என்று தெரிந்துகொள்ள யானையின் நெற்றியிலிருந்து தொடங்கவேண்டும்.

சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போட்ட ரயில் பாதை 1860களின் தொடக்கத்திலேயே ஷொர்னூர் வழியாகப் பேப்பூரை எட்டிவிட்டது. கொச்சி சமஸ்தானத்தின் வடக்கு வாசலோடு சரி, உள்ளே நுழையவில்லை. ஷொர்னூரிலிருந்து திருச்சூர் வழியாக எர்ணாகுளம்வரை சொந்தச் செலவில் பாதை போடுவது என்று தீர்மானித்தவர் மகாராஜா ராம வர்மா. அப்போது திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி, தமிழர். கஜானாவில் போதிய பணம் இல்லை. திருப்பூணித்துறா பூர்ணத்ரயீசர் கோயிலில் யானைகளுக்குச் சாத்தும் பொன் நெற்றிப்பட்டங்கள் பதினைந்தில் பதினான்கை விற்றுப் பணம் திரட்டினார் மகாராஜா என்பது கொச்சியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கணக்கு. கோயில் சொத்தை எடுத்து இரும்புச் சாலை போட்ட அரசர்கள் இந்தியாவில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. பிற்பாடு 1914-இல் தாமாகவே அரியணையைத் துறந்தார். 'ஒழிஞ்ஞ வலிய தம்புரான்' என்று மலையாளிகள் அவரை நினைவுகூர்வது அதனால்தான். பதவியை விட்டு ஒழிந்த பெரிய தம்புரான் என்று பொருள்.

1902 ஜூலையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. எர்ணாகுளம் முனையம் இன்றைய உயர் நீதிமன்றத்துக்குப் பின்புறம் காயலோரமாக இருந்தது. ரயிலை விட்டு இறங்கி வள்ளம் பிடித்தால் மட்டாஞ்சேரி. 1925 மார்ச்சில் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்காக காந்தி எர்ணாகுளம் வந்தது இந்தப் பாதையில்தான். அதே போராட்டத்துக்காக அதற்கு முந்தைய ஆண்டு ஈ.வெ. ராமசாமி சிறை சென்ற கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல.

ஒரு குறை இருந்தது. சமஸ்தானம் போட்டது மீட்டர் கேஜ். ஷொர்னூரில் எதிரே நின்றது பிராட் கேஜ். கொச்சியிலிருந்து போகும் ஒவ்வொரு மூட்டையும் அங்கே ஒரு வேகனிலிருந்து இறங்கி இன்னொரு வேகனில் ஏறவேண்டும். கூலி, தாமதம், சேதாரம் மூன்றும் சேர்ந்தன. சிறு வணிகத்துக்கு இது பரவாயில்லை. பெரிய துறைமுகம் ஒன்று வரப்போகிறது என்றால் தாங்காது.

அந்தத் துறைமுகம் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் உருவில் 1920-இல் வந்து இறங்கியது. கொச்சியின் காயல் உள்ளே ஆழமும் அகலமும் கொண்டது. ஆனால் கடலோடு சேரும் வாயில் மணல்திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கைப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றினார்கள். பருவமழைக் காலத்தில் அதுவும் நடக்காது. பிரிஸ்டோ திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார். அதற்காக வந்த தூர்வாரும் கப்பலுக்கு முன்னாள் சென்னை கவர்னரும் பிற்பாடு வைசிராய் ஆனவருமான வில்லிங்டன் பிரபுவின் பெயர். 1928 மே மாதம் 'பத்மா' என்ற கப்பல் நேராக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய சேற்றையும் மணலையும் என்ன செய்வது? வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டிக்கொண்டே போனார்கள். காயலில் ஒரு புதிய தீவு எழுந்தது. அதற்கும் வில்லிங்டன் என்றே பெயர்.

கொச்சிக் கரையில் அப்போது மூன்று கொடிகள். ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் மண். சென்னை ராஜதானியின் மலபார் மாவட்டத்தில் சேர்ந்தது. மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி ராஜாவுடையவை. தெற்கே சற்றுத் தள்ளிப் போனால் திருவிதாங்கூர். துறைமுகச் செலவையும் வருமானத்தையும் இவர்கள் பங்கு பிரித்துக்கொள்வதற்குள் பிரிஸ்டோவின் பாதி ஆயுள் கோப்புகளில் கழிந்தது. 1935 முதல் 1941 வரை கொச்சி திவானாக இருந்தவர் கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகப் போகிறவர். துறைமுகம் வளர்ந்த காலமும் அவர் காலமும் ஒன்று. எர்ணாகுளத்தின் காயலோரச் சாலை இன்றும் சண்முகம் சாலைதான். அந்த வழியாகப் போகும் எத்தனை தமிழர்களுக்கு அது நம்ம ஊர்ச் சண்முகம் என்று தெரியுமோ.

1930களின் நடுவில் ஷொர்னூர் பாதை பிராட் கேஜாக மாறியது. வெண்டுருத்தியில் காயல்மேல் பாலம் கட்டித் தண்டவாளத்தைப் புதிய தீவுக்குள் கொண்டுவந்தார்கள். கப்பல் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே துறைமுக முனையம் எழுந்தது. பழைய எர்ணாகுளம் முனையத்தின் மவுசு குறைய ஆரம்பித்ததும் அப்போதுதான். தீவின் மறுபக்கம் மட்டாஞ்சேரிக் கரையை இணைக்க தோப்பும்படிக்கு ஒரு பாலம் போட்டார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி தூக்கிக்கொண்டு வழிவிடும். இரண்டாம் உலகப் போரின் நடுவில் திறந்த அந்தப் பாலத்தில் நடந்தும் வண்டியிலும் சாலைப் போக்குவரத்து நடந்தது. ரயில் அதைத் தாண்டவில்லை. தாண்டவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. தண்டவாளம் தேடிவந்தது கப்பலை. கப்பல் தீவிலேயே கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் சென்னையைப் பார்க்கலாம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் விட்டது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. காலையில் ஆபீசுக்கும் மாலையில் வீட்டுக்கும் போகிறவர்களை நம்பியே ஓடிய ரயில் அது. வழிநெடுகக் குக்கிராமங்களாக இருந்தவை அந்த ரயிலால் புறநகர்களாயின. கொச்சிப் பாதையை நிர்வகித்ததும் இதே தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே பத்தாண்டு. ஒரு துறைமுக ஊரில் மனிதர்களுக்காக ரயில் விட்டது. இன்னொன்றில் மூட்டைகளுக்காக விட்டது. மட்டாஞ்சேரி ஹால்ட் போன்ற நிறுத்தங்கள் இரண்டாவது வகைப் பாதையில் போகிறபோக்கில் கிடைத்த சலுகை.

ஹால்ட் என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. ரயில்வே அகராதியில் அது முழு நிலையம் ஆகாது. பெரும்பாலான ஹால்ட்டுகளில் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது, சரக்கு முன்பதிவும் கிடையாது. கமிஷனுக்கு டிக்கெட் விற்க ஏஜெண்ட் ஒருவர் இருப்பார். தமிழ்நாட்டில் விழுப்புரம், விருத்தாசலம் பக்கங்களில் பாசஞ்சரில் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஒரு கூரை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு வேப்பமரம். வருமானம் குறைந்தால் முதலில் ரத்தாவது இந்த நிறுத்தங்கள்தான்.

ஆனால் துறைமுக முனையம் தன் நல்ல நாட்களில் சாதாரண இடமாக இருக்கவில்லை. கப்பல், ரயில், விமானம் மூன்றும் ஒரே சின்னத் தீவில். கடற்படையின் விமானதளத்தில்தான் கொச்சியின் பயணிகள் விமானங்கள் 1999 வரை இறங்கின. நெடும்பாசேரி வந்தபிறகே அது மாறியது. சென்னையிலிருந்து நேரடி ரயில் இந்த முனையம்வரை வந்தது. பெங்களூரிலிருந்து வந்த ரயிலுக்குப் பெயரே ஐலண்ட் எக்ஸ்பிரஸ். அந்தத் 'தீவு' வில்லிங்டன் தீவு என்பது இன்று பலருக்கு மறந்துபோய்விட்டது. 1988 ஜூலை 8 அன்று அந்த ரயில் கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியால்தான் பெயர் மனதில் தங்கியிருக்கிறது. அதற்குள் ரயில் தீவை விட்டுவிட்டுத் தெற்கே ஓட ஆரம்பித்திருந்தது.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது டீ கார்டன் எக்ஸ்பிரஸ். கொச்சித் துறைமுகத்துக்கும் திருச்சிக்கும் இடையே ஓடியது. மூணாறு, வால்பாறை, நீலகிரி மலைகளில் பறித்த தேயிலை பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தது வில்லிங்டன் தீவுக் கிடங்குகளுக்கு. 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது. ஏலம் கேட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்து மலையேறிய தமிழர்கள். தங்கள் கைபட்ட தேயிலை போன ரயிலில் அவர்களில் எத்தனை பேர் ஏறிப்பார்த்திருப்பார்கள்? அந்த ரயில் இன்று எர்ணாகுளம்–காரைக்கால் எக்ஸ்பிரஸ் என்று வேறு பெயரில் ஓடுகிறது. தீவுக்குப் போவதில்லை. டீயின் பெயரும் போய்விட்டது.

முனையத்தின் சரிவுக்கு விபத்தைவிட வரைபடம் பெரிய காரணம். எர்ணாகுளத்துக்குத் தெற்கே பாதையே இல்லாதவரை துறைமுகம்தான் கடைசி நிறுத்தம். எல்லா ரயிலும் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். 1956-இல் கோட்டயம்வரை மீட்டர் கேஜ் வந்தது, 1958-இல் கொல்லத்தைத் தொட்டது. 1976-இல் திருவனந்தபுரம்வரை பிராட் கேஜ் ஆயிற்று. 1989-இல் ஆலப்புழைக்குத் தனிப் பாதை. வடக்கிலிருந்து வரும் ரயில் இனி எர்ணாகுளத்தைத் தாண்டி நேரே தெற்கே போகலாம். தீவுக்குப் போவதென்றால் முட்டுச்சந்துக்குள் நுழைந்து திரும்பவேண்டும். எந்த நேர அட்டவணை அதிகாரி அதை விரும்புவார்? ஒவ்வொரு ரயிலாக எர்ணாகுளத்திலேயே நின்றுகொண்டன, அல்லது தெற்கே நீண்டன.

சரக்கும் கைவிட்டது. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடத்தில் சர்வதேச கண்டெய்னர் முனையம் திறந்தது. அதற்காக இடப்பள்ளியிலிருந்து வேம்பநாட்டுக் காயலின்மேல் 4.62 கி.மீ. நீளப் பாலத்துடன் புதிய பாதை போட்டார்கள். திறந்தபோது அதுதான் இந்தியாவின் மிக நீளமான ரயில் பாலம். அந்தப் பாலத்திலும் சரக்கு ரயில் மட்டும்தான். வழியில் இருக்கும் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் தினமும் எர்ணாகுளத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு ஹால்ட்கூடக் கிடையாது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கொச்சியில் தண்டவாளம் பெட்டிகளைத்தான் தேடிப்போகிறது.

இதற்கிடையே 2004-இல் தூர்வாரும் கலம் ஒன்று மோதி வெண்டுருத்தி ரயில் பாலம் சேதமானது. தீவுக்கு ரயில் நின்றது. தனுஷ்கோடியோடு ஒப்பிடத் தோன்றுகிறது. அங்கேயும் ரயில் கப்பலைத் தேடித்தான் போனது. தலைமன்னாருக்கு ஆள் ஏற்றி அனுப்பியது. 1964 புயல் நிலையத்தையே கொண்டுபோயிற்று. கொச்சியில் நிலையம் அப்படியே நின்றது, தண்டவாளம் நின்றது, பிற்பாடு புதிய ரயில் பாலமும் வந்தது. ரயில்தான் வரவில்லை.

2018 செப்டம்பர் கடைசியில் வந்தது. எர்ணாகுளம் ஜங்ஷனுக்கும் துறைமுக முனையத்துக்கும் இடையே காலையிலும் மாலையிலும் டெமு ரயில். நடுவில் மட்டாஞ்சேரி ஹால்ட்டில் நிற்கும். எழுபது எண்பது ஆண்டு வரலாற்றில் கப்பலையோ தொலைதூர எக்ஸ்பிரஸையோ நினைக்காமல், தினமும் போய்வருகிறவர்களை மட்டும் மனதில் வைத்து விட்ட ரயில் என்று இதைச் சொல்லலாம். தேவை இல்லாத இடமும் அல்ல. பாதையோரம் பெருமானூரில் கொச்சி கப்பல் கட்டும் தளம். வெண்டுருத்தியில் தென்பிராந்தியக் கடற்படைத் தலைமையகம். தீவில் துறைமுகப் பொறுப்புக் கழகம், சுங்க அலுவலகம், தேயிலைக் கிடங்குகள். பாலத்தைத் தாண்டினால் தோப்பும்படி, மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி என்று நெருக்கியடித்த மேற்குக் கொச்சி. அங்கிருந்து எர்ணாகுளம் வரும் பஸ்கள் காலையில் எப்படி வருகின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ரயில் ஏறக்குறையக் காலியாக ஓடி, வெகு சீக்கிரம் நின்றுபோனது. பயணிகள் ஆதரவு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு அந்த ரயில் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் நாற்பது நிமிடம். நல்ல சைக்கிள்காரர் முந்திவிடுவார். நெடுநாள் ஓடாமல் கிடந்த பாதையில் வேகக் கட்டுப்பாடு. போதாதற்கு, காலையில் ஒன்றிரண்டைத் தவறவிட்டால் அடுத்தது மாலையில்தான். தோப்பும்படியில் பஸ் ஏறி உட்கார்ந்தால் அதற்குள் எர்ணாகுளத்தில் இறங்கிவிடலாம் என்று தெரிந்த ஆள், பாலம் தாண்டி நடந்து ஹால்ட்டில் வந்து ஏன் காத்திருக்கவேண்டும்? தினசரிப் பயணி கணக்குப் பார்க்கிறவர். டிக்கெட்டின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து நாற்காலிவரை எத்தனை நிமிடம் என்று பார்க்கிறார். தாம்பரம் ரயில் நிறைந்தது, ஒன்றை விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்ற தைரியத்தில். அந்தத் தைரியத்தைக் கொடுக்காத ரயிலைச் சில வாரம் ஓட்டிப் பார்த்து, மக்களுக்கு வேண்டாம் என்று முடிவு கட்டுவது சோதனைக்குரிய நியாயத்தைச் செய்ததாகாது.

நகரம் வேறு வழி தேடிக்கொண்டது. 2017-இல் தொடங்கிய கொச்சி மெட்ரோ ரயில் காயலைத் தாண்டி மேற்கே வரவில்லை. 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ வந்தது. பாட்டரியில் ஓடும், குளிரூட்டிய படகுகள். அவற்றைக் கட்டிக்கொடுத்தது கொச்சி கப்பல் கட்டும் தளம், அதாவது அந்தப் பழைய ரயில் பாதையின் பக்கத்து வீட்டுக்காரர். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் வில்லிங்டன் தீவிலும் படகுத்துறைகள் திறந்தன. மட்டாஞ்சேரித் துறை டச்சு அரண்மனைக்கு அருகிலேயே இருக்கிறது. 1902-இல் ரயிலை விட்டு இறங்கியவர் வள்ளம் பிடித்துப் போன அதே தண்ணீர் வழி. நடுவில் நூற்றிருபது ஆண்டு.

அதனால் தண்டவாளத்தை மறந்துவிடலாமா? துறைமுக முனையத்தைப் புதுப்பித்து மீண்டும் ரயில் விடவேண்டும் என்ற கோரிக்கை கொச்சியில் ஓய்வதில்லை. பெரும்பாலும் அது சுற்றுலாவின் பெயரால் எழுகிறது: பாரம்பரிய நிலையம், சொகுசு ரயில், கப்பலில் வரும் வெள்ளைக்காரப் பயணி. எர்ணாகுளம் ஜங்ஷனில் நடைமேடை கிடைக்காமல் ரயில்கள் வெளியே காத்துக்கிடப்பதால், சில ரயில்களைத் தீவில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்ற யோசனையும் உண்டு. இரண்டுமே நடக்கக்கூடியவை. ஆனால் இரண்டிலும் மட்டாஞ்சேரி ஹால்ட்டுக்கு வேலை இல்லை. மறுபடியும் அது வழியில் தெரியும் ஒரு பெயர்ப்பலகையாகிவிடும்.

ஹால்ட்டுக்கு வேலை கொடுப்பது என்றால் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. பாதையை வலுப்படுத்தி வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்த என்ன செலவாகும்? கப்பல் தளத்திலும் கடற்படைத் தளத்திலும் ஷிப்ட் மாறும் நேரம் எது, அதற்கு முன்னும் பின்னும் ரயில் உண்டா? திருச்சூர், ஆலுவா பக்கமிருந்து வரும் பாசஞ்சரை எர்ணாகுளத்தோடு நிறுத்தாமல், ஆட்களை மாற்றி ஏற்றாமல், தீவுவரை நீட்ட முடியுமா? ஹால்ட்டில் இறங்குகிறவரைத் தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் கொண்டுசேர்க்க அந்த நிமிடத்தில் ஒரு பஸ் நிற்குமா? இவற்றில் எதற்கும் நெற்றிப்பட்டம் விற்கவேண்டியதில்லை. பாலம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது. 2018-இல் ரயில்வே கையில் இல்லாமல் போனது உருப்படியான ஒரு நேர அட்டவணை.